ஸ்விட்சைத் தொடாதே!

அதிகாலை ஐந்து மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியது.

"பதறாதே. ராத்திரி லைட்டு எரியலை. அவ்வளவுதான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "முட்டியில லேசா அடி" என்றாள்.

என் அம்மாவின் அகராதியில் 'லேசா' என்ற சொல்லை நம்பவே கூடாது. பித்தப்பையில் கல் எடுத்தபோதும் லேசாகத்தான் வலித்தது அவளுக்கு. அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் திருச்சி பஸ்ஸில் இருந்தேன்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபிறகு அம்மா ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். சென்னைக்கு வா என்றால், "உன் ஃபிளாட்டுல ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டு ஜன்னல்தான் தெரியுது" என்பாள். வயது 72. வீடோ பழைய வீடு. படுக்கையறையிலிருந்து கொல்லைப்புற பாத்ரூமுக்குப் போக ஒரு நீள ரேழி, நடுவில் ஒரு படி, ஓரத்தில் யாரும் அரைக்காத ஓர் ஆட்டுக்கல்.

மகன் என்ன செய்வான்? மற்ற மகன்கள் ஓர் ஆளை வைத்திருப்பார்கள். நான் ஒரு பெட்டியை வைத்தேன்.

உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். ரேழியில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார். அம்மா கட்டிலை விட்டு எழுந்து நாலடி வைத்தால் விளக்கு தானாக எரியும். திரும்பி வந்து படுத்தால் இரண்டு நிமிடத்தில் அணையும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கொல்லைக் கதவு திறந்தால் சென்னையில் என் செல்போன் கூவும். பி.காம். படித்துவிட்டு, ஃபியூஸ் கட்டைக்குப் பயப்படும் நான் இதையெல்லாம் செய்து முடித்து, ஆபீசில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அதில் ஒரு விசேஷப் பீற்றல் உண்டு. இந்த மாதிரி விஷயத்தில் கம்பெனிக்காரனை நம்பக்கூடாது என்பேன். அமெரிக்காவில் ரிவால்வ் என்று 300 டாலருக்கு ஒரு பெட்டி விற்றார்கள். அந்தக் கம்பெனியை கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் வாங்கி, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. வாங்கினவர்கள் வீட்டில் பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இருண்டு போயின. என் பெட்டி அப்படி இல்லை. இன்டர்நெட் போனாலும் வேலை செய்யும். எல்லாம் வீட்டுக்குள்ளேயே, அதன் முதுகில் சொருகின ஒரு பென் டிரைவிலேயே இருக்கிறது. எப்படி நம்ம சாமர்த்தியம்!

வில்லன் வீட்டுக்குள்ளேயே இருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்ததும் முதலில் எக்ஸ்ரே. எலும்புக்கு ஒன்றுமில்லை. வீக்கம், கட்டு, பத்து நாள் மாத்திரை. ஆட்டுக்கல்தான் குற்றவாளி.

"இருட்டுல ஏம்மா போனே? ஸ்விட்சைப் போட்டிருக்கலாமே?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுவரைக் காட்டினாள். ஸ்விட்சின் மேல் செல்லோடேப். டேப்புக்கு அடியில் என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'தொடாதே!'

நான் ஒட்டினதுதான். இந்த வகை பல்புக்கு எப்போதும் கரன்ட் போய்க்கொண்டே இருக்கவேண்டும். யாராவது சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பெட்டி சொல்வது பல்புக்குக் கேட்காது. அதனால் அந்த டேப். வேடிக்கை என்னவென்றால், பெட்டி செத்துப்போனாலும் இந்த பல்புகளில் பெரும்பாலானவை, ஸ்விட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டால் சாதாரண பல்பு மாதிரி எரிந்துவிடும். அன்று ராத்திரி அம்மா என் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால் முட்டி பிழைத்திருக்கும். பாவம், கேட்டுவிட்டாள்.

சாயந்திரம் பெட்டியோடு உட்கார்ந்தேன். முந்தின நாள் மழையில் கரன்ட் போய்ப் போய் வந்ததாம். பென் டிரைவைப் பிடுங்கி என் லேப்டாப்பில் சொருகினேன். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?' என்று விண்டோஸ் பணிவாகக் கேட்டது. விரல் பட்டனுக்கு மேலே போய்விட்டது. ஏதோ ஒரு புண்ணியம், அழுத்தவில்லை.

இதை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிகள் லினக்ஸில் ஓடுகிறவை. பென் டிரைவ் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் விண்டோஸ் அதே கேள்வியைத்தான் கேட்கும். அதற்கு அந்த பாஷை தெரியாது, அவ்வளவுதான். பாஷை தெரியாதவன் கடிதத்தைக் கிழிக்கட்டுமா என்று கேட்டால் 'சரி' என்று சொல்வோமா?

பேக்கப் இருக்கிறதே என்று அப்போதும் தைரியமாகத்தான் இருந்தேன். வாராவாரம் தானாக எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். எங்கே எடுத்து வைத்தது? அதே பென் டிரைவில். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டின புத்திசாலி நான்.

மறுநாள் காலை தில்லைநகர் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பென் டிரைவை வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி கேட்டான்.

"இதுல என்ன சார் எழுதுது?"

"எல்லாம்தான். சென்சார் சொல்றதெல்லாம்."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?"

"சில செகண்டுக்கு ஒரு தடவை."

"எத்தனை வருஷமா?"

"மூணு."

தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

பென் டிரைவுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. 1980-களில் ஜப்பானில் தோஷிபா கம்பெனியின் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. 2000-ம் ஆண்டில் பென் டிரைவ் கடைக்கு வந்தபோது கொள்ளளவு வெறும் 8 எம்.பி. இப்போது கட்டைவிரல் நகத்தில் நூறு ஜி.பி. ஆனால் குணம் மாறவில்லை. அதில் ஓர் எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. அழித்தால் ஒரு பெரிய கட்டத்தையே அழிக்கவேண்டும். ரப்பர் போட்டு அழித்து அழித்து எழுதினால் காகிதம் நைந்து ஓட்டை விழுமே, அப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆயுசு. இன்றைய மலிவு டிரைவ்களில் அது பெரும்பாலும் ஆயிரம், சில ஆயிரம் தடவைதான். போட்டோ, சினிமா ஏற்றிக்கொண்டு போனால் ஜன்மத்துக்கும் தாங்கும். சில செகண்டுக்கு ஒருதரம் டைரி எழுதச் சொன்னால் தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்டும் போனால் கேட்கவே வேண்டாம்.

"கரன்ட் போறதுக்குத்தான் சார் ஜர்னல்னு ஒண்ணு வச்சிருக்கான். எதை மாத்தப் போறோம்னு முதல்ல அதுல எழுதிட்டு, அப்புறம்தான் உரிய இடத்துல எழுதும்" என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நமக்குத் தெரிந்த சமாசாரமாயிற்றே! முதலில் குறிப்பேடு, அப்புறம் பேரேட்டில் எடுத்தெழுதுதல். பி.காம். முதல் வருஷம். பாதியில் கடை மூடினாலும் குறிப்பேட்டைப் பார்த்து மறுநாள் கணக்கைச் சரிசெய்துவிடலாம். ஆனால் குறிப்பேட்டுக் காகிதமே மட்கிப்போனால் எந்த ஆடிட்டர் வந்து என்ன செய்வார்?

"முதல்ல காப்பி. அப்புறம்தான் வைத்தியம்" என்றான் பையன். நைந்த டிரைவில் இனி ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. ரிப்பேர் என்று ஆரம்பித்தால் அதுவும் எழுத்துதான். அதனால் டிடிரெஸ்க்யூ என்கிற இலவச புரோகிராமை வைத்து, டிரைவ் முழுவதையும் அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுத்தான். அது நல்ல இடங்களை முதலில் விறுவிறுவென்று படித்துவிடும். படிக்க முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வந்து மல்லுக்கட்டும். பரீட்சையில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுகிற பையன் மாதிரி. ராத்திரி முழுக்க ஓடியது.

அடுத்த நாள், நகலின் மேல் சோதனை. அதுதான் எங்கள் இருப்பாய்வு. கணக்கில் சேராமல் மிச்சமான துண்டுகளையெல்லாம் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தது. எங்கள் படிப்பில் அதற்கு அனாமத்துக் கணக்கு என்று பெயர். வாரப் பேக்கப்பில் ஒன்று அங்கே கிடைத்தது. சென்சார் டைரியும் பெரும்பாலும் பிழைத்தது.

டைரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ரேழி சென்சாரை மட்டும் திரையில் வரச்சொன்னான் பையன். தேதி, மணி. தேதி, மணி. வரிசையாக ஓடியது.

இனிமேல்தான் விஷயமே.

வருஷ ஆரம்பத்தில் அம்மா ராத்திரி ஒரு தடவை எழுந்திருக்கிறாள். சில நாள் அதுவும் இல்லை. கடைசி இரண்டு மாதத்தில் 11.50, 1.10, 2.25, 3.40, 4.30. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சமையலறைப் பக்கத்து சென்சாரும் அதே நேரத்தை ஒட்டிச் சொன்னது.

பையன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். அவன் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ராத்திரி அடிக்கடி எழுந்துக்கறியாம்மா?"

"ஆமா, தண்ணி தாகம். குடிச்சா உடனே பாத்ரூம். வெயில் காலமோன்னோ?"

வெயில் காலம் முடிந்து வெகு நாளாயிற்று. அன்றே ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 212. ஹெச்பிஏ1சி 9.4. அது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்குமாம். அத்தனை நாளும் உடம்பில் ஓடின சர்க்கரை அதில் ஒட்டிப் பதிவாகிவிடுமாம். அதனால் இரண்டு மூன்று மாதக் கணக்கை ஒரே சொட்டில் சொல்லிவிடுகிறது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணு, கிட்னின்னு ஆரம்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பென் டிரைவ் எதை எழுதி எழுதித் தேய்ந்தது? 'அம்மா எழுந்துவிட்டாள், அம்மா எழுந்துவிட்டாள்' என்று அதைத்தான். படிக்கவேண்டியவன் சென்னையில் 'எல்லாம் ஆட்டோமேட்டிக்' என்று பீற்றிக்கொண்டிருந்தேன். சேகரித்தேன், சேமித்தேன், ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. பெட்டி வாங்கின பிறகு, 'ராத்திரி தூங்கினியா?' என்று கேட்கிற பழக்கமும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"நீ கேக்கலையே" என்றாள். குற்றம்சாட்டும் குரல் இல்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பெட்டி இப்போது பிழைத்துவிட்டது. பென் டிரைவுக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி. ஃபிரிட்ஜ் எத்தனை வாட் இழுக்கிறது போன்ற உதவாக்கரை டைரிக்கெல்லாம் தடை. எழுதவேண்டியதையும் சேர்த்து வைத்து எப்போதாவது எழுதும். கரன்ட் போனால் தாக்குப்பிடிக்க ஒரு குட்டி யுபிஎஸ். பேக்கப் தினமும் சென்னைக்கு வந்துவிடும். கடைப் பையனிடமும் ஒரு நகல் இருக்கிறது, எனக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டை இயக்கத் தெரிந்த இன்னோர் ஆள் வேண்டுமே!

இதையெல்லாம்விட முக்கியமான வேலையை எலெக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாளில் முடித்தார். ரேழியில் பழைய கால ஸ்விட்சோடு தனியாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. பெட்டிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய்விட்டது. 'தொடாதே' சீட்டை அம்மா தன் கையாலேயே கிழித்தாள். கிழிக்கும்போது அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இல்லாவிட்டால் அப்பா கையில் கட்டின வாட்ச், வாசலில் ஒரு கேமரா. அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் சர்க்கரையைக் காட்டிக்கொடுத்தது அதுதான். ஆனால் அது எழுதுவதை யாராவது படிக்கவேண்டும். அது செத்துப்போனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கவேண்டும்.

இப்போது தினம் காலை ஏழு மணிக்குப் போன் செய்கிறேன்.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்தே?"

"ஏன், உன் பெட்டி சொல்லலையா?"

"சொல்லிச்சு. நீயும் சொல்லு."

பெட்டி இரண்டு என்றால் அம்மா ஒன்று என்பாள். பாஸ் புக்கும் கேஷ் புக்கும் ஒத்துப்போகாதபோது வித்தியாசம் எங்கே என்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்க்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணம், கொள்ளிடத்தில் தண்ணீர், முட்டி வலி எல்லாம் வந்துவிடுகிறது.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், 'லேசா' என்கிறாள்.

அடுத்த வாரம் மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.