வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்

மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரத்துக்கு 84 மணி நேரம். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு முக்கால் மணி நேரம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், தெரபிஸ்டிடம் அது இருப்பது ஒன்றரை மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஆகவில்லை. தென்காசி மாவட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். சிவகிரிப் பக்கமிருந்தும் ஆலங்குளம் பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் வாரம் ஒரு முறை வந்து சேர்வதே பெரும்பாடு. குற்றாலத்தில் கடை போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை நகர முடியாது. ஆகவே எங்கள் பேச்சுப் பயிற்சித் தொழிலைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சு வளர்கிற இடம் பிள்ளையின் வீடு. எங்கள் அறையில் நடப்பது வேறு வேலை: எது தடை, அடுத்த படி எது, அதை அந்த வீட்டில் யார் எந்த வேலைக்கு நடுவே செய்ய முடியும் என்று கண்டுபிடிப்பது. இந்தத் தொழிலின் கடினமும் ஈர்ப்பும் அந்தக் கண்டுபிடிப்பில்தான் இருக்கின்றன என்பது என் கட்சி.

படத்தைக் காட்டிப் பெயர் சொல்ல வைப்பதுதான் ஸ்பீச் தெரபி என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் பேசாத பிள்ளையைச் சுற்றி வீடே கூடி நின்று ‘ஆச்சி சொல்லு, தாத்தா சொல்லு’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்கு அது பரீட்சை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உண்மையில் சொல்லுக்கு முன்னால் வந்து சேர வேண்டியவை பல. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது, அவர் பார்க்கும் பொருளைத் தானும் பார்ப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, தான் ஏதாவது செய்தால் மறுபக்கம் ஏதாவது நடக்கும் என்று அறிவது. இவை வந்த பிறகுதான் சொல்லுக்கே வேலை வருகிறது. நம் ஆச்சிமார் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விளையாட்டுக் காட்டுவார்களே, அதில் இவை அனைத்தும் அடங்கியிருக்கின்றன. பிள்ளையின் கையை விரித்துக் கடைவது, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் ஊட்டுவது, பிறகு விரல்கள் கைமேல் மெல்ல ஏறிக் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவது. ஒவ்வொரு முறையும் வரிசை மாறாமல் நடப்பதால் அடுத்து என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தெரபிஸ்ட் இதில் சேர்ப்பது ஒன்றே ஒன்று. கக்கத்தை எட்டும் முன் விரல்களை நிறுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காமல் காத்திருக்கச் சொல்வது. அந்த இடைவெளியில் பிள்ளை முகத்தைப் பார்க்கும்; கையை நீட்டும்; ‘ம்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். அதை ஒரு கேட்பாக ஏற்று உடனே கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டும். பெரியவர்களுக்குக் கற்றுத் தருவதிலேயே கடினமானது இந்த ஐந்து விநாடி மௌனம்தான். பிள்ளை பேச வேண்டும் என்ற தவிப்பில் அதற்குரிய முறையையும் நாமே எடுத்துப் பேசிவிடுகிறோம்.

இதை எந்த வீட்டில் செய்யச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் பெண்களின் வருமானம் பீடி சுற்றுவதில் இருக்கிறது. மடியில் தட்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தத் தாயிடம் ‘தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு மணி நேரக் கூலியை யார் கொடுப்பது? அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். வீட்டில் ஒன்றும் நடக்காது. நோட்டில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று ஒரு வரி ஏறும். அது அந்தத் தாயின் குறை என்று நான் ஏற்க மாட்டேன். அந்த வீட்டின் நாளைக் கேட்காமல் எழுதப்பட்ட திட்டத்தின் குறை அது. தட்டு மடியில் இருக்கும்போது கை மட்டும்தான் வேலையில் இருக்கிறது, வாய் சும்மாதான் இருக்கிறது. (புகையிலைத் தூள் பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், இதை ஒவ்வொரு முறையும் சொல்லியே ஆக வேண்டும்.) குளிப்பாட்டும்போது செம்பைத் தூக்கிப் பிடித்து ‘ஊத்தவா?’ என்று கேட்டுக் காத்திருக்க ஒரு நிமிடமும் கூடுதலாக ஆகாது. சோறூட்டும்போது தட்டை முழுதாக முன்னால் வைக்காமல் ஒவ்வொரு வாயாகக் கொடுத்தால், ‘இன்னும்’ என்று கேட்க நாளில் இருபது சந்தர்ப்பம் கிடைக்கும். நேரம் கேட்காத பயிற்சியைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே திறமை.

அடுத்தது மொழி. எங்கள் பாடப்புத்தகங்களில் வளர்ச்சிப் படிகள் பெரும்பாலும் ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டவை. ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்கள், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவது என்று அவை போகும். இந்த அளவுகள் பயனுள்ளவை. ஆனால் தமிழ்ப் பிள்ளையின் பேச்சை எண்ணும் முறை அப்படியே பொருந்தாது. ‘வந்துட்டான்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது ஒரே சொல்தான். ஆனால் அதற்குள் வந்தது ஒருவன், ஆண், வருகை முடிந்துவிட்டது என்பதெல்லாம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் சேர்ந்து செய்யும் வேலை அது. ‘அம்மாட்ட’ என்றால் வேற்றுமை உருபு வந்துவிட்டது என்று பொருள். எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது தமிழில் பிழையே அல்ல. சொற்களை மட்டும் எண்ணுகிறவர் இந்தப் பிள்ளையைப் பின்தங்கியது என்று எழுதிவிடுவார். ஒட்டுகளைக் கேட்கத் தெரிந்தவர் சரியாக எடைபோடுவார்.

வட்டார வழக்கு இன்னும் நுட்பமானது. ‘சொல்லுதேன்’, ‘அவிய’, ‘பைய’, ‘மைனி’ ஆகியவை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் சரியான தமிழ். தென்மாவட்டங்களில் பெரியவர்களே ‘ழ’வை ‘ள’வாகச் சொல்கிறார்கள், அப்படியிருக்க நான்கு வயதுப் பிள்ளை ‘வாளப்பளம்’ என்று சொன்னால் அதைக் குறையாகக் குறிப்பது தவறு. ர, ற, ழ போன்ற ஒலிகள் எப்படியும் கடைசியில் வந்து சேர்பவை. அதே வயதில் பிள்ளை ‘க’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘த’ சொல்லிக்கொண்டிருந்தால், அதைக் கவனிக்காமல் விடுவதும் தவறுதான். எது வழக்கு, எது வயது, எது கோளாறு என்று பிரிக்கிற காது எந்தக் கருவியிலும் கிடைக்காது. குற்றாலத்தில் வாழ்ந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி., தமிழின் உயிர் பேச்சில் இருக்கிறது என்று வாதாடியவர். அவர் இலக்கியத்துக்காகச் சொன்னதை என் தொழிலின் அடிப்படையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையிலும் எல்லையோர ஊர்களிலும் தமிழோடு மலையாளமும் காதில் விழும் வீடுகள் உண்டு. வேறு சில ஊர்களில் தெலுங்கு பேசும் வீடுகள். இரண்டு மொழி பேசுவதால்தான் பேச்சு தாமதமாகிறது என்று அங்கே ஒரு மொழியை நிறுத்தச் சொல்கிறார்கள். இரு மொழி பேச்சுக் கோளாறை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வுகளில் நன்றாக நிலைநாட்டப்பட்ட உண்மை. நிறுத்தினால் போவது ஆச்சியின் பேச்சு. அந்த வீட்டில் பிள்ளையோடு அதிகம் பேசக்கூடியவர் பெரும்பாலும் ஆச்சிதான்.

இதற்கெல்லாம் நியாயமான மறுப்புகள் உண்டு. நாலு வருடம் படித்தவர் செய்ய வேண்டியதைப் படிக்காத பெற்றோர் தலையில் கட்டுவதா என்பது முதல் மறுப்பு. வழிகாட்டல் இருந்தால் பெற்றோரால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. திக்குவாய்க்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையில், தெரபிஸ்ட் வாரந்தோறும் வழிகாட்ட, தினப் பயிற்சியைப் பெற்றோரே வீட்டில் செய்கிறார்கள். நியூசிலாந்தில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய 54 பிள்ளைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குத் திக்கல் 77 சதவீதமும், பெறாதவர்களுக்கு 43 சதவீதமும் குறைந்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. அங்கே சிறப்புப் பட்டம் இல்லாத ஊழியர்கள் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது, பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வரவில்லை. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்திருந்தது. அதையும் சேர்த்தே நான் அந்த ஆய்வை மதிக்கிறேன். நம் ஊரிலேயே, ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து ஊழியர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. வல்லுநர்கள் செயலி வழியாகவும் அவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். வல்லுநர் தேவையில்லை என்று இவை எதுவும் சொல்லவில்லை. அண்ணப் பிளவு, விழுங்குவதில் சிரமம், வாயசைவைத் திட்டமிடுவதிலேயே வரும் கோளாறு ஆகியவற்றில் தேர்ந்த கை நேரடியாகத் தொட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ‘வீடுதான் களம்’ என்று சொல்லச் சொல்ல, பிள்ளை பேசாததற்கும் தாய்தான் காரணம் என்று பேச்சு திரும்பிவிடும். இந்த ஆபத்து நிஜம். நீ போனைக் கொடுத்தாய், நீ பேசவில்லை என்று மாமியார் வீட்டுக் குற்றச்சாட்டுகளைச் சுமந்துகொண்டுதான் பல பெண்கள் எங்கள் அறைக்கு வருகிறார்கள். கேட்புக் குறையும் ஆட்டிசமும் தாய் பேசாததால் வருபவை அல்ல என்பதைத் தெளிவாக, முடிந்தால் மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வேலையை ஆச்சிக்கும் அப்பாவுக்கும் அக்காவுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். தாய் ஒருத்திக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் திட்டத்தை நான் அரைகுறைத் திட்டம் என்றே கருதுகிறேன்.

‘தானாகப் பேசிவிடுவான்’ என்பது மூன்றாவது. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் பாடினார் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. செந்தூருக்குப் போய் வரட்டும். நாக்கில் வசம்பு தடவுகிறவர்களின் மனதிலும் பிள்ளைமேல் உள்ள ஆசைதான் இருக்கிறது. தானாகப் பேசிவிடும் பிள்ளைகள் உண்டு என்பதும் உண்மை. மற்றதெல்லாம் நன்றாக இருந்து பேச்சு மட்டும் பிந்துகிற இரண்டு வயதினரில் பெரும்பாலோர் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். பயிற்சி பெறாதவர்களுக்கும் திக்கல் 43 சதவீதம் குறைந்ததில் இப்படித் தானாகச் சரியாவது தெரிகிறது. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும் என்பதைச் சோதிக்காமல் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோயிலுக்குப் போகிற அதே வாரத்தில் காதையும் சோதித்துவிட வேண்டும். நாக்கடி நரம்பை வெட்டினால் பேச்சு வரும் என்ற எண்ணத்தில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை. நாக்குக் கட்டு சில குழந்தைகளுக்குப் பால் குடிக்கச் சிரமம் தரலாம். மொழி வராததற்கு அது காரணமல்ல.

காது விஷயத்தில் காத்திருப்பதன் விலை மிக அதிகம். பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்ற வரையறை. கேட்புக் குறை உள்ள 150 பிள்ளைகளை வைத்து கொலராடோவில் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, 6 மாதத்துக்குள் கண்டறியப்பட்டவர்கள் மொழியில் தெளிவாக முந்தியிருந்ததைக் காட்டியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் இலவசமாகக் கிடைக்கிறது. அறுவை முடிந்ததும் கேட்டுவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இந்த மண்ணுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. சாரல் காலத்து ஈரம் காதுக்கருவியைக் கெடுக்கும். இரவில் அதைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். சளி பிடித்த பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துச் சில வாரம் கேட்பு மங்கும். அந்த வாரங்களில் ‘சொன்னபடி கேட்கவில்லை’ என்று அடி விழும். குற்றாலம் மெயின் அருவிக்கு அருகே கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்கு நாள் முழுக்க நீரின் இரைச்சல். ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் அதில் கரைந்துபோகும். அங்கே பிள்ளையின் பக்கத்தில் குனிந்து, முகம் தெரியப் பேசச் சொல்ல வேண்டும்.

ஒரு தொழிலாக இதன் ஈர்ப்பைச் சேவை என்ற சொல்லால் மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சேவை என்று சொல்லித்தான் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். சிறிய ஊர்களில் ஊதியம் குறைவு, நிரந்தர வேலை அரிது, முன்னேற்றம் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. இவற்றை மறைத்து யாரையும் அழைக்கக் கூடாது. ஆனால் அறிவுக்கு இவ்வளவு தீனி போடும் படிப்புகள் குறைவு. ஒலி எந்த உறுப்பில் எப்படிப் பிறக்கிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் ஆராய்ந்த கேள்வியே இங்கே முதல் பாடம். அதோடு நரம்பியல், கேட்பியல், உளவியல், மொழியியல். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்திலும், போரூர் ஸ்ரீராமச்சந்திராவிலும் இதற்கான பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. இருக்கிறது. ஓராண்டு களப்பயிற்சியோடு 4 ஆண்டுகள்; முடித்ததும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இந்தப் படிப்புக்குக் கடையநல்லூரிலிருந்தோ சுரண்டையிலிருந்தோ போகும் ஒரு மாணவிக்கு, மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டிய ஒன்று முன்பே கையில் இருக்கிறது. எந்த வீட்டில் எப்போது உலை வைப்பார்கள், பீடித்தட்டு எத்தனை மணிக்கு மடியிலிருந்து இறங்கும், ஆச்சி பிள்ளையை எப்படிக் கொஞ்சுவாள், ‘சொல்லுதேன்’ எங்கே சரி, எங்கே பிழை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கு இப்படிப்பட்டவர்கள் தாலுகாவுக்குச் சிலராவது வேண்டும். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் மருத்துவம், பொறியியல், நர்சிங் என்று நிறுத்திக்கொள்ளாமல் இந்தப் படிப்பின் பெயரையும் வகுப்பில் ஒருமுறை சொன்னால், அந்த ஆண்டிலேயே சில விண்ணப்பங்கள் போகும்.