கூரைக் கழிவும் ஓர் எட்டாம் வகுப்புக் கணக்கும்



ஓஹையோவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. "அங்கே எப்படி சார் பொழுது போகுது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். போன வாரம் முழுக்க ஒரு குப்பைத் தொட்டியோடு போனது. நம் தெருமுனைத் தொட்டி என்று நினைக்காதீர்கள். 22 அடி நீளத்தில் ஓர் இரும்புப் பெட்டி. லாரியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் சறுக்கி இறக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துப் போகிறார்கள். வாடகைக்குத்தான். டம்ப்ஸ்டர் என்று பெயர். டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊரில் டெம்ப்ஸ்டர் என்ற சகோதரர்கள் 1930களில் லாரி தூக்கிக் கவிழ்க்கும் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் குடும்பப் பெயரோடு 'டம்ப்' சேர்ந்து டம்ப்ஸ்டர் ஆகிவிட்டது. அவர்களில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் பிறகு அந்த ஊருக்கே மேயரானார்.

மகள் வீட்டுக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. இங்கே கூரை ஓடும் இல்லை, தளமும் இல்லை. பலகைமேல் ஷிங்கிள் என்ற பட்டைகளை ஆணியடித்து வேய்கிறார்கள். கண்ணாடி இழைப் பாயில் தார் ஏற்றி, மேலே கல் குருணை ஒட்டியது. இருபது வருடம் போனால் குருணை உதிர்ந்து ஓரம் சுருண்டுவிடும். கான்ட்ராக்டர் கழிவு அகற்ற அதிகம் கேட்டதால், பெட்டியை நாமே தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். வாடகைக் கம்பெனிக்காரர் போனில், "20 கன கெஜமா, 30 கன கெஜமா?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க கணக்கு வாத்தியார்தானே?" என்றார்.

ரிடையர் ஆகிப் பல வருடம் கழித்து ஒரு கேள்வித்தாள்! விடுவேனா?

இங்கே கூரையை 'ஸ்கொயர்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி. இந்தக் கூரை 22 ஸ்கொயர். சாதாரண ரக ஷிங்கிள் ஒரு ஸ்கொயருக்குச் சுமார் 240 பவுண்டு. பெருக்கினால் 5,280 பவுண்டு. அமெரிக்க டன் 2,000 பவுண்டுதான், நம் கிலோவில் 907. ஆக 2.64 டன். 20 கன கெஜப் பெட்டியின் வாடகையில் 3 டன் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 80 டாலர். பெட்டியில் பாதிகூட நிரம்பாது, எடையும் தாண்டாது. 20 போதும் என்றேன். கொள்ளளவு வேறு, எடை வேறு என்று எட்டாம் வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியது நினைவிருக்கிறதா?

பெட்டியில் மிஞ்சும் இடத்தில் பரணைக் காலி செய்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. பழைய மெத்தை, உடைந்த நாற்காலி எல்லாம் இறங்கின. கூடவே ஒரு கிரைண்டரும் இறங்கியது. 2008இல் பேத்தி பிறந்தபோது என் மனைவி, நீங்கள் எல்லோரும் 'அம்மா' என்று கூப்பிட்டவள், கோயம்புத்தூரில் வாங்கி, துணி சுற்றி, விமானத்தில் கொண்டுவந்தது. இங்கே மின்சாரம் 120 வோல்ட் என்பதால் அதற்காகவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினார்கள். இப்போது மோட்டார் போய்விட்டது. அவளும் இல்லை. மகள் அதை கராஜ் ஓரத்தில் வைத்தாள், பெட்டிக்குள் போடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கூரை இறங்கட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஏணியில் ஏறிய மேஸ்திரி ஓரத்தைக் கிளப்பிப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். கூரை இரண்டு அடுக்கு! முன்பு இருந்தவர்கள் பழையதைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். இரண்டு அடுக்குக்கு மேல் வேய இங்கே கட்டட விதி இடம் தராது. எனவே இரண்டையும் பிரித்தாக வேண்டும். எடை 5.28 டன் ஆகிவிட்டது. கான்ட்ராக்டர் வேறு, கூடுதல் அடுக்குக்கு ஸ்கொயருக்கு 40 டாலர் வீதம் 880 டாலர் என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மை. ஆனால் மனிதர் ஏணியே போடாமல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அளந்தவர். மகள் விடவில்லை. "ஓரத்தைப் பார்த்தாலே தெரியுமே, நீங்கள் ஏன் பார்க்கவில்லை?" என்று அமைதியாகத்தான் கேட்டாள். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு பாதிக்கு இறங்கினார். என் வகுப்பில் படித்த பெண் அல்லவா!

நம்மூரில் நாட்டு ஓடு பிரித்ததை நினைத்துக்கொண்டேன். நல்ல ஓடு ஆட்டுக்கொட்டகைக்கு, உடைந்தது பாதைப் பள்ளத்துக்கு, பனங்கை கிடைத்தவருக்கு. வாடகைக்குப் பெட்டி எடுக்க அங்கே என்ன மிஞ்சும்? இங்கேயும் சில இடங்களில் இந்த ஷிங்கிளை அரைத்துச் சாலைத் தாரில் கலக்கிறார்கள். அதுவரை சரி.

மாலையில் மாப்பிள்ளை கிரைண்டரைத் தூக்க வந்தார். "வேண்டாம்பா, ஏற்கெனவே எடை தாண்டிடுச்சு. இதையும் போட்டா இன்னும் காசு" என்றாள் மகள். அவர் பேசாமல் திரும்பக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். 12 கிலோ. டன்னுக்கு 80 டாலர் என்றால் 1 டாலர் 6 சென்ட் வருகிறது. நான் அதைச் சொல்லவில்லை. மெத்தையும் நாற்காலியும் பெட்டியிலேதான் போயின.

வேலை முடிந்ததும் காந்த உருளையால் புல்வெளியெல்லாம் ஆணி பொறுக்கினார்கள். ஒரு வாளி தேறியது. பெட்டியின் சக்கரத்துக்கு அடியில் பலகை போடச் சொல்லியிருந்ததால் வாசல் தரையில் கீறல் இல்லை. அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் மாணவர்களே, கான்ட்ராக்டர் வந்தால் முதலில் ஏணி போடச் சொல்லுங்கள்.

நேற்று எடைச் சீட்டு வந்தது: 5.7 டன். என் விடை 5.28. மீதி, அடியில் இருந்த தார்த்தாள், ஆணி, மக்கிப்போன இரண்டு பலகை, அந்த மெத்தை நாற்காலி. பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று கீழே எழுதுங்கள். 1987 பேட்ச் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போடவும்.