குழாய்க் கடையில் ஒரு வாள்

எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் கையிலும் அன்றைக்கு ஆளுக்கொரு ஃப்யூஸ் போன டியூப் லைட்! "அம்மா, இது ஒளி வாள், பாரேன்!" என்று என் ஒன்பது வயது மகன் சுழற்றிக் காட்டினான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மெல்லிய கண்ணாடி, உடைந்தால் கண்ணில் தெறிக்கும். போதாததற்கு உள்ளே பாதரசம் வேறு இருக்கிறது. 2005-ல் இங்கிலாந்தில் இரண்டு பேர் இதே ஆசையில் டியூப் லைட்டில் பெட்ரோலை ஊற்றிப் பற்ற வைத்து, உடல் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பிடுங்கி வைத்தால் மட்டும் போதுமா? நாளைக்கே வேறொன்றைக் கொண்டுவருவான். கடையில் விளக்கெரியும் பொம்மை வாளின் விலையைக் கேட்டேன்; பேசாமல் திரும்பிவிட்டேன்.

இந்த வாள் வருகிற 'ஸ்டார் வார்ஸ்' படம் 1977-ல் வெளியானது. படத்துக்காக இதை எப்படிச் செய்தார்கள் என்று படித்தபோது சிரிப்பும் தைரியமும் சேர்ந்தே வந்தன. அரங்க அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு காமிராக் கடையில் பழைய 'கிராஃப்ளெக்ஸ்' ஃபிளாஷின் கைப்பிடியைக் கண்டெடுத்தார். பாட்டரி போடுகிற வெறும் குழாய்தான். அதில் கறுப்பு ரப்பர் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டரிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். கதாநாயகனின் வாள் தயார்! பெரியவர் ஓபி-வானின் வாள் இன்னும் வேடிக்கை. ஜெட் என்ஜினின் ஒரு துண்டு, முதல் உலகப் போர்க் காலத்துக் குண்டின் கூடு, அடியில் ஒரு குழாய்த் திருகு! ஆமாம், பாத்ரூமில் தண்ணீர் திறக்கத் திருகுகிறோமே, அதேதான். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு 1978-ல் ஆஸ்கார் கிடைத்தது. அதைப் பெற்ற நால்வரில் கிறிஸ்டியனும் ஒருவர்.

பிறகென்ன, மகனையும் கூட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினேன். "என்னம்மா, தண்ணி லைன் வேலையா?" என்றார் கடைக்காரர். "இல்லண்ணே, வாள் செய்யணும்" என்றேன். சிரித்தார். ஆனால் அவரே டப்பா டப்பாவாகத் திறந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்!

கைப்பிடிக்கு ஒரு அங்குல பிவிசி பைப், 11 அங்குல நீளம். அடியில் ஒரு மூடி, வாய்ப்பக்கம் ஒரு கப்ளிங். பிடிக்கிற இடத்தில் ரப்பர் வாஷர்களை வரிசையாக மாட்டினால் அசல் போலவே இருக்கும். நடுவில் ஒரு ஹோஸ் கிளாம்ப். அதன் தகட்டு நுனி கையைக் கிழிக்கும்; நான் அதை இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றிவிட்டேன். அறுப்பதையும் சொல்யூஷன் தடவுவதையும் பெரியவர்களே மொட்டைமாடியில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நெடி குழந்தைகளுக்கு ஆகாது. உப்புத்தாள் தேய்ப்பதும் சில்வர் பெயிண்ட் அடிப்பதும் என் மகன் பங்கு. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிவிட்டேன். பெயிண்ட் காய இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் அவன் என்னைப் படுத்திய பாடு!

வாள் பகுதிக்குத்தான் நிறைய யோசித்தேன். வெறும் பைப் கூடாது. பட்டால் மண்டை வீங்கும். வயரிங் பைப் இரண்டடி எடுத்து, ஏ.சி. குழாய்க்குப் போடுகிற நுரை உறையை அதன் மேல் மாட்டினேன். நுனியில் நுரை மூன்று அங்குலம் வெளியே நீண்டிருக்கட்டும். அதற்குள்ளும் நுரைத் துண்டை அடைத்துவிட்டேன். கறுப்பு நுரைக்கு மேல் நீல சாட்டினில் நீளப் பை ஒன்று. தலையணை உறை தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பத்து நிமிஷ வேலை. அடிப்பகுதியில் டேப்பைச் சுற்றிக் கைப்பிடிக்குள் இறுக்கிச் செருகிவிட்டேன்.

கழுத்துக்கு மேலே ஓங்கக் கூடாது, குத்தக் கூடாது, கண்ணாடி போட்ட குழந்தை கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். மீறினால் வாள் பரணுக்குப் போகும். அப்படியும் கண்ணில் பலமாகப் பட்டுவிட்டால் கசக்கவோ அழுத்தவோ விடாமல் உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் டியூப் லைட் உடைந்தால் துடைப்பத்தைத் தூக்காதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து சற்று நேரம் விட்டுவிட்டு, கெட்டி அட்டையால் வழித்தெடுத்து, ஈரத்தாளால் துடையுங்கள்.

மற்ற மூன்று பையன்களின் அம்மாக்களும் இப்போது பைப் அளவு கேட்டு வருகிறார்கள். என் மகளுக்கோ ஊதா நிறத்தில் ஒன்று வேண்டுமாம். சாட்டின் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்; வாஷர்தான் இன்னும் வாங்க வேண்டும்.