குளிரில் விழுந்த மாடுகள்

மாடு வெள்ளத்தில் போகும், பாம்பு கடித்துச் சாகும், ஷெல் விழுந்து சாகும். வன்னியில் பிறந்தவர்களுக்கு இவை புதிதல்ல. ஆனால் குளிரில் மாடு சாகும் என்று எங்கள் பட்டிக்காரர் எவரும் 2022 டிசம்பருக்கு முன் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மாதம் 8ஆம் திகதி இரவும் மறுநாளும் வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடுமாக ஆயிரத்துக்கு மேல் இறந்துபோயின. மாண்டஸ் என்று பெயர் வைத்த புயல், 9ஆம் திகதி இரவு அக்கரையில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. எங்கள் பக்கம் அது கால் வைக்கவேயில்லை. காற்றையும் மழையையும் மட்டும் அனுப்பி வைத்தது.

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருக்கும் அக்காவின் பட்டியில் பதினொன்றில் ஏழு போய்விட்டன. "தம்பி, ஒரு காயமும் இல்லை. காலை மடிச்சுக்கொண்டு படுத்திருக்குதுகள். நித்திரை எண்டுதான் நினைச்சன்" என்றாள். 2009இல் மாத்தளனுக்கு ஓடும்போது கயிறு அறுத்துவிட்ட மாடுகளுக்காக வழியெல்லாம் அழுதவள். இம்முறை அழவில்லை. எண்ணிக்கொண்டேயிருந்தாள்: கன்றுத்தாச்சி இரண்டு, பால்மாடு மூன்று, நாம்பன் ஒன்று, கன்று ஒன்று.

இங்கே ரொறொன்ரோவில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவுகிற ஒருவர், ஒன்ராரியோவில் பனிக்குள்ளேயே மாடு நிற்கிறது, உங்கள் ஊர்க் குளிருக்கா செத்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பாதியில் விட்ட விலங்கியல் இதற்காவது உதவட்டும் என்று தேடிப் படித்தேன். குளிர்காலத்து மயிர் தடிப்பாக வளர்ந்து, அது உலர்ந்தும் இருந்தால், மாடு மைனஸ் 8 பாகை செல்சியஸ் மட்டில் தாங்கும். தோல்வரை நனைந்துவிட்டாலோ 15 பாகையிலேயே உடற்சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கிவிடும். மயிருக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுத்தான் அதன் கம்பளி. மழை அதைப் பறித்துவிடுகிறது. பிறகு உள்ளே இருக்கிற சூட்டைத்தான் நம்பவேண்டும். தீனி இரைப்பையில் புளிக்கும்போது உண்டாகிற சூடு அது. தீனி இல்லையென்றால் அடுப்பு அணைந்த மாதிரி.

அந்த அடுப்பு அணைந்துகிடந்ததற்குப் புயலைக் குற்றம் சொல்ல முடியாது. மாரியில் வயலெல்லாம் விதைத்துவிடுவார்கள். பட்டியைக் காட்டோரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போகவேண்டும். அங்கே கூரை எது? மேய்ச்சல்தரை என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் புண்ணியம். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் தெருவில் குந்தியதும் இந்தத் தரைக்காகத்தான். அந்த வருடத்து விலைவாசியில் தவிடும் புண்ணாக்கும் வாங்கிக் கட்டாது என்று அக்கா முன்னரே சொல்லியிருந்தாள். விலா எலும்பு தெரிகிற மாடுகள்தான் அந்த இரவு வெளியில் நின்றன.

செத்ததைவிட, செத்த பிறகு நடந்தவை அவளை அதிகம் களைக்கச் செய்தன. ஏதோ நோய் என்று கதை பரவியது. மாதிரிகள் பேராதனைக்குப் போய், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் தொற்றுநோய் இல்லை, குளிர்தான் என்று சொல்வதற்குள், மிச்ச மாட்டின் பாலை வாங்க ஆளில்லை. கிடங்கு வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. கடைசியில் பெக்கோ பிடித்துத்தான் தாட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர் காதில் இலக்கத் தகடு இல்லாததைப் பதியமாட்டேன் என்றாராம். கன்றுக்கு ஏது தகடு?

உயிரோடு நின்ற நாலையும் சாக்கால் துடை, காற்றுப் படாமல் மறைப்புக் கட்டு, வைக்கோல் போடு, இளஞ்சூட்டில் தண்ணீர் வை என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். "அதெல்லாம் விடியமுன்னமே செய்துபோட்டன். ஒரு கண்டு குசினிக்குள்ள அடுப்படியில படுத்திருக்கு" என்றாள். படித்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

மாடு வாங்கக் காசு அனுப்பட்டோ என்று கேட்டேன்.

"மாடு இப்ப வேண்டாம். தகரம் வாங்க அனுப்பு."

அடுத்த மாரிக்கு முன் கொட்டில் போட்டுவிட்டாள். இருபத்திரண்டு தகரம், மேற்குப் பக்கம் கிடுகு. மழை இருட்டினால் அயல்வீட்டு மாடு இரண்டும் கேட்காமலே வந்து ஒதுங்குகின்றனவாம்.