குப்பையிலே ஒரு கடிதம்

உங்களுக்கு ஈ-மெயில் விலாசம் உண்டா? உண்டென்றால் என் புலம்பலுக்குக் கொஞ்சம் செவி சாயுங்கள். இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம்.

ஆம்பூரில் எனக்குச் சின்னத் தொழில். ஒரு கொட்டகை, ஆறு தையல் மெஷின், எட்டுப் பெண்கள். வெட்டிய தோலை வாங்கி, பூட்ஸின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறோம். மாதிரி கேட்பது, விலை பேசுவது, ஆர்டர் வருவது எல்லாம் இப்போது ஈ-மெயிலில்தான்.

சென்னையில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போனேன். கல்யாணப் பந்தலில் சந்தனம் கொடுப்பது போல, போவோர் வருவோருக்கெல்லாம் என் விஸிட்டிங் கார்டை நீட்டினேன். பலன் கைமேல் கிடைத்தது. பசை விற்பவர், சாயம் விற்பவர், ஸோல் விற்பவர் எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். அவர்கள் பின்னாலேயே வழுக்கைக்குத் தைலம், நான் வாங்காத லாட்டரிக்குக் கோடி ரூபாய்! தினம் நூறு, நூற்றைம்பது.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருந்த கடிதங்களை எல்லாம் மொத்தமாகப் பொறுக்கி, 'ஸ்பாம்' என்ற பொத்தானை அமுக்கினேன். மறுநாளும் அப்படியே. இரண்டே வாரத்தில் பெட்டி துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"இன்னாண்ணா, அந்தக் கம்பெனிக்காரன் இன்னும் பதில் போடலியா?" என்று கேட்டாள் எங்கள் கொட்டகையில் மூத்தவள். ஒரு ஜோடி மாதிரி தைத்து அனுப்பியிருந்தோம்.

"போடலைம்மா" என்றேன். அது பொய் என்பது எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட வேலூரிலிருந்து தங்கை மகன் வந்தான். காலேஜில் படிக்கிறவன். என் கம்ப்யூட்டரைக் குடைந்துவிட்டு, "மாமா, இது இன்னா?" என்றான். ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்தது அந்தக் கடிதம். மாதிரி பிடித்திருக்கிறது, ஒரு சிறு திருத்தம், பத்து நாளுக்குள் அனுப்பவும். கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

உடனே போன் செய்தேன். ஆர்டர் வேறிடம் போய்விட்டது. எட்டுப் பேருக்கு இரண்டு மாத வேலை! அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. மூத்தவள் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு, "அடுத்த தபா பாத்துக்கலாம்ண்ணா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

எப்படி நடந்தது என்கிறீர்களா? ஸ்பாமைப் பிரிக்கும் யந்திரம் நம்மிடம் பாடம் கேட்கிற சிஷ்யன். எந்தச் சொற்கள் குப்பையில் அதிகம் வருகின்றன, எவை நல்ல கடிதத்தில் வருகின்றன என்று கணக்கிட்டுப் பிரிக்கும் வழியை 2002-ல் பால் கிரஹாம் என்பவர் எழுதிப் பிரபலப்படுத்தினார். இன்றைய கருவிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. ஆனாலும் நாம் அமுக்கும் பொத்தானைப் பார்த்தே பல விஷயங்களைக் கற்கின்றன. அந்தக் கம்பெனி முன்பு அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தையும் சேர்த்தல்லவா நான் குப்பை என்று சொல்லியிருந்தேன்! குருவின் லட்சணம் அப்படி. சிஷ்யனைக் குறை சொல்லி என்ன?

இத்தனைக்கும், இளமையில் ஒரு தோல் ஷாப்பில் ரகம் பிரிக்கும் மேஜையருகே நின்றவன் நான். முள் கீறல், உண்ணிக் கடித் தழும்பு, கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் விரலாலேயே தடவிக் காட்டுவார் அங்கிருந்த பெரியவர். "மட்டத்தைத் தள்ளுறது பெரிசில்லே தம்பி. நல்ல தோல் அதோட போவாம பாரு" என்பார். தோலுக்குக் கற்றதைக் கடிதத்துக்கு மறந்தேன்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1978 மே மாதம் கேரி தூர்க் என்ற அமெரிக்க விற்பனையாளர், தம் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்க்க வரும்படி அந்நாளைய அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். வாங்கினவர்கள் சீறினார்கள், ஆனால் வழி திறந்துவிட்டது. 'ஸ்பாம்' என்பது டப்பாவில் அடைத்த ஒரு மாமிசத்தின் பெயர். 1970-ல் மாண்டி பைதான் குழுவினரின் டெலிவிஷன் நகைச்சுவை ஒன்றில், ஹோட்டலில் எதைக் கேட்டாலும் ஸ்பாமோடுதான் வரும். வேண்டாத கடிதத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது என் பெட்டியை எப்படி வைத்திருக்கிறேன், கேளுங்கள். மூன்று ரகம்.

முதல் ரகம், நாமே விலாசம் கொடுத்த கடைகளும் கம்பெனிகளும். அவற்றுக்கு 'அன்ஸப்ஸ்கிரைப்', அதாவது 'இனி அனுப்பாதே' என்ற பொத்தான். மொத்தமாக விளம்பரக் கடிதம் அனுப்புகிறவர்கள் ஒரே அமுக்கலில் விலக வழி வைக்கவேண்டும் என்று கூகிளும் யாஹூவும் 2024-ல் விதி கொண்டுவந்தன.

இரண்டாவது ரகம், முன்பின் தெரியாதவர்கள். இவர்களுக்குப் பதில் எழுதக்கூடாது, உள்ளே இருக்கும் எந்த இணைப்பையும் அமுக்கவும் கூடாது. அமுக்கினால், 'இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறான்' என்று நாமே தண்டோரா போட்டதாகிவிடும். ஸ்பாம் பொத்தான் இவர்களுக்குத்தான்.

மூன்றாவது, நல்ல கடிதம் வழி தவறிக் குப்பைக்குப் போனது. 'இது ஸ்பாம் அல்ல' என்று அமுக்கி, அனுப்பியவர் விலாசத்தைக் குறித்து வைக்கவேண்டும். ஜிமெயிலில் ஸ்பாம் பெட்டி 30 நாளில் தானாகவே காலியாகிவிடும். அதற்குள் பார்த்தால்தான் உண்டு.

கண்காட்சிக்கென்று தனி விலாசம் ஒன்றும் வைத்துக்கொண்டேன். விஸிட்டிங் கார்டில் இப்போது அதுதான் இருக்கிறது.

இன்று வருவது நாளைக்குப் பதினைந்து, இருபது. சனிக்கிழமை மாலை, மெஷின்கள் நின்ற பிறகு, குப்பைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

போன மாதம் வேறொரு கம்பெனி எங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதமும் குப்பைக்குள்தான் கிடந்தது. நல்ல வேளை, அன்று சனிக்கிழமை.