லோகோவிலேயே நிற்கிற கணினி

"அண்ணே, அப்டேட் போட்டேன், லோகோவிலேயே நிக்குது. பயாஸ் போயிடுச்சு போல. ஏத்திக் குடுத்துடுங்க."

சென்னை ரிச்சி தெருவின் சர்வீஸ் கடைகளுக்கு நோயோடு மருந்தையும் சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் அதிகம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்த மருந்தைக் காதில் வாங்க மாட்டார். "லோகோ வருதுல்ல?" என்றுதான் முதலில் கேட்பார்.

அந்த லோகோவை வரைவதே பயாஸ்தான். திரையில் அது தெரிந்தால் ப்ராசஸர் ஓடுகிறது, ராம் சரியாகியிருக்கிறது, கிராஃபிக்ஸும் எழுந்துவிட்டது என்று பொருள். பாதி எழுதப்பட்டுக் கெட்ட பயாஸ் பெரும்பாலும் அவ்வளவு தூரம் வராது. விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். லோகோவில் நிற்கும் கணினிக்கு அவசரப்பட்டு மறுபடி பயாஸ் ஏற்றுவது வேண்டாத வேலை. ஏற்றும்போது நடுவில் அது ஹேங் ஆனால் அப்போதுதான் நிஜமாகவே பயாஸ் போகும்.

ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மெஷின் இப்படித்தான் மேசைக்கு வந்தது. எஃப்2 அழுத்தினாலும் செட்டிங்ஸ் திறக்கவில்லை. சர்வீஸ்காரர் கீபோர்டைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கினார்: ஹார்டு டிஸ்க்குகள், முன்பக்க யுஎஸ்பி ஒயர், கார்டு ரீடர். மெஷின் உடனே செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். கார்டு ரீடரைச் செருகியதும் மறுபடி லோகோ, மறுபடி நிறுத்தம். பழைய பயாஸ் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போன அந்த ரீடரின் பதிலுக்குப் புதிய பயாஸ் காத்துக்கிடந்திருக்கிறது. பயாஸ் சிப்பில் ஒரு குறையும் இல்லை.

திரையே வராத கேஸ்களிலும் பல உயிரோடுதான் இருக்கும். டிடிஆர்5 ராம் போட்ட மெஷினில் அப்டேட்டுக்குப் பிறகு பழைய ராம் கணக்குகள் அழிந்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் எல்லாவற்றையும் மறுபடி அளந்து பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். மதர்போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. பொறுமையில்லாதவர் பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பார். அளவெடுப்பு முதலிலிருந்து தொடங்கும். இந்த இடத்தில் சர்வீஸ்காரர் செய்கிற பெரிய வேலை, டீ குடிக்கப் போவதுதான்.

அப்டேட் ஒழுங்காக முடிந்ததாலேயே நின்றுபோன மெஷின்களும் உண்டு. 2019இல் ரைசன் 3000 ப்ராசஸர்கள் வந்தபோது பல ஏஎம்4 மதர்போர்டுகளில் இருந்த பயாஸ் சிப் 16 எம்பிதான். புதிய ப்ராசஸர்களுக்கு இடம் பண்ண, சில புதிய பயாஸ்களில் பழைய ஏ-சீரிஸ் ப்ராசஸர்களுக்கான பகுதியை எடுத்துவிட்டார்கள். பழைய ப்ராசஸரை வைத்துக்கொண்டு அந்த பயாஸை ஏற்றினால் கறுப்புத் திரைதான்.

இவை எதுவும் இல்லையென்றால் செட்டிங்ஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்டேட் பல நேரம் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் தள்ளிவிடும். ரெய்டு முறையில் இருந்த டிஸ்க் ஏஎச்சிஐக்கு மாறினால், நீலத்திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று விண்டோஸ் விழும். பழைய லெகஸி முறையில் போட்ட விண்டோஸ் என்றால் மெஷின் டிஸ்க்கே இல்லாததுபோல் நடிக்கும். விண்டோஸை ஃபார்மட் செய்து காசு வாங்குகிற கடைகளுக்கு இந்த இரண்டும் நல்ல வருமானம். ஒரே ஒரு செட்டிங்கைப் பழைய இடத்துக்குத் திருப்பினால் போதும். பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்பதை மட்டும் சர்வீஸ்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று தேடச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அப்டேட் நடுவில் கரண்ட் போன கேஸ்தான் உண்மையான பயாஸ் கேஸ். போர்டில் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் ப்ராசஸரும் ராமும் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து ஏற்றிவிடலாம்; ஃபைல் பெயர் ஒரு எழுத்து பிசகினாலும் ஃபைலை அது ஏற்காது. லேப்டாப்புகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. போர்டைக் கழற்றி எட்டுக் கால் சிப்பைத் தேட வேண்டும். சிப்பின் மூலையில் ஒரு புள்ளி. அதுதான் முதல் கால். சிப்பைக் கவ்வும் புரோகிராமர் கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். அதற்கு முன் சிப்பின் மேலுள்ள எழுத்தை செல்ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் படிப்பார்கள். 3.3 வோல்ட் சிப்பா, 1.8 வோல்ட்டா என்று அதை வைத்துத்தான் தெரியும். 1.8 என்றால் நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். சல்லிசாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரில் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவது ஊரறிந்த குறை.

எழுதுவதற்கு முன் படிக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. படித்து எடுத்த இரண்டு டம்ப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கிளிப் சரியாக உட்காரவில்லை. லேப்டாப்பில் இந்த டம்ப் தங்கம். அந்த மெஷினின் சீரியல் எண், விண்டோஸ் கீ, இன்டெல் எம்இ பகுதி எல்லாம் அதற்குள்தான் பெரும்பாலும் இருக்கும். கம்பெனி தரும் அப்டேட் ஃபைலில் அவை இருக்காது. அதை அப்படியே சிப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு, "டிஸ்ப்ளே வந்துடுச்சு சார்" என்று பில் போடுகிறவர்கள் உண்டு. ஒரு மாதம் கழித்து அதே லேப்டாப் சீரியல் எண் இல்லாமல் வேறு கடைக்குப் போகும்.

"இனிமே அப்டேட்டே போடக்கூடாதாண்ணே?" என்பது பணம் கொடுக்கும்போது வரும் கேள்வி. வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மிகையான வோல்டேஜ் கேட்டு நிலைகுலைகிற கோளாறுக்கு 2024 ஆகஸ்டில் வந்த திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தது. போடாமல் விட்டால் ப்ராசஸருக்கே ஆபத்து. ஏற்கெனவே கெட்டதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அதனால் சர்வீஸ்காரர் போடச் சொல்வார். யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க, ஸ்டோரேஜ் பக்கத்தையும் பூட் பக்கத்தையும் செல்ஃபோனில் ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க என்றும் சேர்த்துச் சொல்வார்.