வடத்தின் இரு முனைகள்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் பணிக்கப்படும் எவரும் "யான் எம்மாத்திரம்" என்று தொடங்குவது நம்மிடையே நெடுங்கால வழக்கு. அவ்வழக்கை யான் இங்குப் பின்பற்றுவது உண்மையின் பொருட்டேயாம். கணினி வலையமைப்பிலும் மென்பொருளாக்கத்திலும் நீண்டகாலம் உழைத்த ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் முதலிற் கேட்டது என் வகுப்புத் தோழர் ஒருவரை. மின்சாரமற்ற தொண்ணூறுகளின் முற்பகுதியில், ஒரே குப்பி விளக்கின் இருபுறமும் இருந்து நாங்கள் இருவரும் படித்தோம். அவர் கணிதம் கற்று வெளிநாடு சென்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வலையமைப்புத் துறையிலேயே உழைத்து வருகிறார். யான் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, தமிழாசிரியனாகக் கல்லூரி அன்னையிடமே திரும்பி வந்தேன். மலர்க்குழுவின் வேண்டுகோளைப் பெற்ற தோழர் எனக்குத் தொலைபேசியிற் சொன்னது இது: "என்னைப்பற்றி எழுத என்ன இருக்கிறது? எங்கள் துறையில் எல்லோருக்கும் ஆசிரியராக இருந்த ஒருவரைப்பற்றி நீ எழுது. உனக்குத்தான் ஒரு கடன் உண்டு."

அக்கடன் யாதென்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இனி இம்மலரைப் படிப்போருக்கும் தெரியும்.

2016 ஆம் ஆண்டு, இரண்டாந் தவணைப் பரீட்சை முடிந்த வேளை. மறுநாள் ஆசிரியர் யாவரும் கணினிக் கூடத்திற் கூடிப் புள்ளிகளைப் பதியவேண்டியிருந்தது. மாணவர் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாசிரியனாகிய யான், மாலையிற் கூடத்தைப் பூட்டுமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பழுதடைந்த கணினி ஒன்றைப் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதனோடு இணைந்திருந்த நீல வடம் நிலத்திற் கிடந்தது. அதன் ஒரு முனை, சுவரில் மாட்டப்பட்டிருந்த சுவிச் என்னும் சிறு பெட்டியிற் செருகியபடியே இருந்தது. மறுமுனை என் காலில் இடறியது. "ஒழுங்கறியாப் பிள்ளைகள்" என்று முணுமுணுத்துக்கொண்டு, அம்முனையை எடுத்து அதே பெட்டியில் வெறுமையாயிருந்த வேறொரு துளையிற் செருகினேன். நிலம் துப்புரவாயிற்று. நற்காரியம் ஒன்று செய்த நிறைவோடு வீடு சென்றேன்.

மறுநாள் மின்னாளியைப் போட்டதும் இருபது கணினிகளும் விழித்தன. ஆயின் ஒன்றோடொன்று பேச மறுத்தன. பெட்டியின் விளக்குகள் யாவும் வெறிகொண்டாற்போல ஒருங்கே மின்னின. புள்ளி பதியும் வேலை நின்றுபோயிற்று. முதல்நாள் அங்கே கடைசியாகக் கைவைத்தவன் யார் என்ற வினா எழுந்தது, விடை ஆயத்தமாயிருந்தது. அடுத்த நாட் காலைப் பிரார்த்தனையில், தேவாரம் ஓதி முடிந்த கையோடு, அம்மாணவனை மண்டபத்தின் முன்னே அழைத்து, பொறுப்பற்றவன் என்று ஆயிரம் பேர் அறியக் கடிந்தேன். கணினிக் கழகத்தினின்றும் அவனை நீக்கினேன். "நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை, சேர்" என்றான் அவன். "பொய் வேறா?" என்றேன் யான்.

அவ்வாரக் கடைசியில், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என் தோழரைக் கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் கணினி எதனையும் தொடவில்லை. நீல வடத்தின் ஒரு முனையை இரு விரலாற் பிடித்து, அதைத் தடவியவாறே மறுமுனை வரை சென்றார். புறப்பட்ட பெட்டிக்கே அவர் விரல்கள் திரும்பி வந்தன. ஒரு முனையைப் பிடுங்கினார். விளக்குகள் அடங்கின, கணினிகள் பேசத் தொடங்கின.

"இதைச் செருகியது யார்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யான் மெய் சொல்லியிருப்பேனோ என்பதை இன்றும் அறியேன்.

வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையிற் படம் வரைந்து அவர் விளக்கியதை, எனக்கு விளங்கிய அளவிற் சொல்கிறேன். ஒரு கணினி மற்றொன்றைத் தேடும்போது, "இன்னார் எங்கே?" என்று எல்லோரையும் நோக்கிக் கூவுவதுண்டு. அக்கூவல் ஒரு சிறு பொதியாகப் பெட்டியை வந்தடையும். பெட்டியோ, அது வந்த துளை ஒழிந்த மற்றெல்லாத் துளைகளின் வழியாகவும் அதனை அனுப்பும். இரண்டு துளைகள் ஒரே வடத்தால் இணைந்திருப்பின், ஒன்றன் வழியே போன கூவல் மற்றதன் வழியே திரும்பி வரும். பெட்டி அதனைப் புதுக்கூவலென எண்ணி மீண்டும் எங்கும் அனுப்பும். இணையத்தில் நெடுந்தூரம் செல்லும் பொதிகளுக்கு, இத்தனை நிலையங்களைக் கடந்தபின் மடிக என்று ஓர் ஆயுள்வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. கட்டடத்துக்குள் ஓடும் ஈதர்நெற் பொதிக்கு அத்தகைய வரம்பு இல்லை. ஆகவே ஒரு கூவல் சாவின்றிச் சுற்றும். சுற்றுந்தோறும் எல்லா வாயில்களிலும் தன்னைச் சொரியும். நொடிப்பொழுதில் வடங்கள் யாவும் நிறைந்து, மெய்யான செய்தி செல்ல இடமற்றுப்போகும். இதனை ஒலிபரப்புப் புயல் என்பர்.

"இதற்கு மருந்து 1985 ஆம் ஆண்டிலேயே கண்டாயிற்று. கண்டவர் ஒரு பெண்மணி, அதைக் கவிதையாகவும் பாடிவைத்தார்" என்றார் தோழர். கவிதை என்ற சொல்லைக் கேட்டதும் யான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்பெண்மணியின் பெயர் றேடியா பேள்மன். 1951 இல் அமெரிக்காவிற் பிறந்தவர். தந்தையார் ராடர்த் துறையிற் பொறியியலாளர். தாயார் கணினி நிரல் எழுதியவர். ஆயினும் தாயும் மகளும் உரையாடியது பெரும்பாலும் இலக்கியமும் இசையுமேயாம். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் கணிதம் கற்று 1973 இல் இளநிலைப் பட்டமும், 1976 இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட அவருடைய வகுப்பிற் பெண்கள் ஐம்பதின்மர் அளவினரே.

அந்நாட்களில், எழுத்தறியாத மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளும் கணினிக்குக் கட்டளையிடத்தக்க ஒரு கருவியை அவர் ஆக்கினார். பொத்தான்களை அழுத்தியும், படம் வரைந்த அட்டைகளை வரிசையாகச் செருகியும், நிலத்தில் ஊரும் ஆமை வடிவ இயந்திரம் ஒன்றைக் குழந்தைகள் நடத்தினர். ஆயின் பேள்மன் அப்பணியைத் தொடரவில்லை. சுற்றிலும் ஆடவரேயுள்ள இடத்திற் பெண்ணாகிய தம்மை விஞ்ஞானியாக மதிக்கவேண்டுமென விரும்பியதாகவும், மழலைகளோடு செய்யும் வேலை அதற்கு இடையூறாகுமெனக் கூசியதாகவும் அவரே பின்னர் ஒளிக்காமற் கூறியுள்ளார். சிறுபிள்ளைகளுக்குக் கற்பிப்பதை உலகம் எவ்வாறு எடைபோடுகிறது என்பதை நம்போன்ற ஆசிரியர் அறிவர். அக்கூச்சத்தை யான் குறைசொல்லேன்.

1980 இல் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் கோப்பரேசன் என்னும் நிறுவனத்திற் சேர்ந்தார். தனித்தனி ஈதர்நெற் வலைகளைப் பாலம் போன்ற பெட்டிகளால் இணைக்கவேண்டும். இணைப்பிலுள்ள கணினிகளில் எதனையும் மாற்றலாகாது. வடங்கள் எவ்வாறு வளைந்து சுற்றினும் செய்தி சுழலக்கூடாது. இவ்வினாவை அவருடைய மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டு, மறுவாரம் விடுமுறையிற் சென்றார். அன்றிரவே விடை தோன்றியது. திங்களும் செவ்வாயும் அதனை விதிமுறையாக எழுதி முடித்தார். மேலாளர் திரும்பும்வரை வேறொன்றிலும் மனஞ்செல்லாமையால், எஞ்சிய நாட்களிற் கவிதை இயற்றினார். ஜோய்ஸ் கில்மர் 1913 இல் வெளியிட்ட 'மரங்கள்' என்னும் பாடலின் சாயலில் அமைந்த அக்கவிதை, 1985 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் முகப்பிலேயே இடம்பெற்றது.

விடைதான் யாது? பெட்டிகள் தமக்குள் பேசி, மிகச் சிறிய இலக்கமுடைய ஒன்றை வேராகத் தெரிந்துகொள்ளும். மற்றைய ஒவ்வொன்றும் அவ்வேரை அடையத் தனக்குள்ள குறுகிய வழியை மாத்திரம் வைத்துக்கொண்டு, சுற்றுவழிகளை உறங்கச்செய்யும். அப்போது எஞ்சுவது ஒரு மரம். கிளையில்லாப் பனையை நினையாது, முற்றத்து மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எந்த இரு கொப்புகளுக்கும் இடையே ஒரே வழிதான் உண்டு. எனவே சுழற்சி இல்லை. ஒரு கிளை முறிந்தால், உறங்கிய வழி தானே விழித்து அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். மனிதர் எவரும் வந்து கட்டளையிட வேண்டியதில்லை. 1990 இல் இம்முறை உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

இதனோடு அவருடைய பணி நின்றுவிடவில்லை. இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற், 1980 ஒக்ரோபர் 27 அன்று, சிதைந்த சில செய்திகளாற் பல மணிநேரம் முற்றாக முடங்கியது. அத்தகைய சிதைவு நேர்ந்தாலும் வலை தானே தேறிக்கொள்ளும் வழியைப் பேள்மன் 1983 இல் எழுதினார். வலையிலுள்ள நிலையங்களுட் சில வேண்டுமென்றே தீங்கிழைத்தாலும் செய்தி போய்ச் சேரும் முறையை ஆராய்ந்து, 1988 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1992 இல் வெளியான அவருடைய 'இன்ரர்கொனெக்சன்ஸ்' என்னும் நூலே என் தோழர் போன்றோருக்குப் பாடநூலாயிற்று. பின்னர் சன், இன்ரெல் முதலிய நிறுவனங்களிற் பணியாற்றி, நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். தம்முடைய மரமுறையினும் மேலான முறை வேண்டுமென உணர்ந்தபோது, அதனை மாற்றவும் அவரே முன்வந்தார். அப்புதிய முறை 2011 இல் விதிமுறையாக வெளிவந்தபோது, அதிலும் ஒரு கவிதை இருந்தது. அதனை இயற்றியவர் அவருடைய மகன். 2014 இல் இணையப் புகழ்மண்டபத்திலும், 2016 இல் அமெரிக்கப் புத்தாக்குநர் புகழ்மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. எனினும் 'இணையத்தின் தாய்' என்று தம்மை அழைப்பதை அவர் விரும்புவதில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் யான் கேட்டேன்: "அப்படியானால் எங்கள் பெட்டி ஏன் அந்த வழியை உறங்கச்செய்யவில்லை?"

"இது விலை குறைந்த பெட்டி, அந்த அறிவு இதற்குள் இல்லை" என்றார் தோழர். சிறிது பொறுத்து, "யாரோ ஒருநாள் வடத்தைப் பிழையாகச் செருகத்தான் செய்வான், மச்சான். அவனைப் பிடித்துத் தண்டிப்பது எங்கள் வேலையன்று. அவன் செருகினாலும் வலை விழாமல் அமைப்பதுதான் வேலை. அந்த அம்மையாரிடம் நாங்கள் கற்றது அது" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அம்மாணவனைத் தனியே அழைத்து, செருகியவன் யானே என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சேர்" என்றான். கழகத்துக்கு மீண்டும் வா என்றேன். தலையசைத்தான், வரவில்லை. உயர்தரத்தில் வேறு பாடங்களை எடுத்துப் படித்துப் போய்விட்டான்.

அப்பொழுதெல்லாம் யான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். பின்னரே கணக்கு விளங்கியது. என் குற்றச்சாட்டு மண்டபத்தில் ஆயிரம் பேர் செவியில் விழுந்தது. அவர்களிடமிருந்து வீடுகளுக்கும் தனியார் வகுப்புகளுக்கும் சென்று, அங்கிருந்து மீண்டும் கல்லூரிக்கே வந்தது. அதற்கு ஆயுள்வரம்பு இல்லை. என் மன்னிப்போ ஓர் அறைக்குள், ஒருவனிடம் மட்டும் சென்று நின்றுவிட்டது. எல்லா வாயிலிலும் அனுப்பியதை ஒரே வாயிலால் எவ்வாறு திரும்பப் பெறுவது?

அன்று முதல் என் வகுப்பில் ஒரு மாற்றஞ் செய்துகொண்டேன். ஒன்று பிழைத்தால், செய்தது யார் என்பதை முதலிற் கேட்பதில்லை. எவ்வாறு பிழைத்தது என்பதையே கேட்கிறேன். அவ்வாறு கேட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்லுகிறார்கள். பல வேளைகளில், பிழைக்கு இடம் வைத்தவன் யானாகவே இருக்கக் காண்கிறேன்.

நண்பர் 'கடன்' என்று சொன்னபோது, அன்றே அவர் அறிந்திருந்தார் என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஆதலால் மலர்க்குழுவினர் தந்த இப்பக்கங்களை அக்கடனுக்கே பயன்படுத்துகிறேன். 2016 ஆம் ஆண்டிற் கணினிக் கூடத்தின் வலை முடங்கியதற்குக் காரணன், அந்நாட் பொறுப்பாசிரியனாகிய யானே. பதினோராந் தரத்து மாணவன் குற்றமற்றவன். அவன் சொன்னது மெய். அன்று மண்டபத்திலிருந்து கேட்ட பழைய மாணவர் எங்கெங்கு உளரோ, அங்கெல்லாம் இம்மலர் செல்லும் என்று நம்புகிறேன்.

தம்பி, நீயும் இதனைப் படிப்பாயாயின், ஒருமுறை கல்லூரிக்கு வா. கூடத்தில் இப்போது புதிய பெட்டி இருக்கிறது. அந்த நீல வடத்தை மட்டும் யான் எறியவில்லை. என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.